தலையில் ஊற்றிய தண்ணீர்

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு என் மகளுக்கு வலிப்பு வந்தது. நான் அப்போது தேங்காய்த்திட்டில், ஐஸ் கம்பெனியின் கணக்கு அறையில் இருந்தேன். வெளியே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. போன் மேசை இழுப்பறைக்குள் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது கீழ்வீட்டு அக்காவும் என் மச்சானும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் தேடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். வண்டிச் சாவியை மேசை முழுக்கத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீடு அக்காவுடையது. அவர் கீழே தனியாக இருக்கிறார். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் போன பிறகு பென்ஷன் வருகிறது. ஒரே மகன் பிரான்சில். அக்காவிடம் இருப்பதும் பிரெஞ்சு பாஸ்போர்ட்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையை ஒருமுறைகூடத் தவறவிடாத கத்தோலிக்கர். நான் ஐஸ் கம்பெனியில், என் மனைவி பாகூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில். அதனால் பள்ளி விட்டதும் மகள் கீழேதான் இருப்பாள். அக்காவை அவள் ‘தாந்த்’ என்று கூப்பிடுவாள். பிரெஞ்சில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மாடியிலிருந்து கரண்டிக்காம்பால் தரையைத் தட்டினால் கீழேயிருந்து தாந்த் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு.

மகளுக்கு ஆறு வயது. எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் என் மாமியார் வீட்டு வழக்கப்படி இவளைத் தவிட்டுக்கு விற்றோம். பெற்றவர்களிடம் தங்காத பிள்ளையை இன்னொருவர் பிள்ளையாக்கிவிட்டால் எமனுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும் என்பது நம்பிக்கை. குழந்தையை முறத்தில் படுக்க வைத்து, வாங்குகிறவர் தவிட்டைக் கொடுத்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் வேற்று மனிதராக இருந்தால் நல்லது, வேற்று வேதக்காரராக இருந்தால் எமன் இன்னும் குழம்புவான் என்று மாமியார் அக்காவைக் கேட்டார். தவிடு வாங்கிவந்து அக்காவின் கையில் கொட்டியவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். தாய்மாமன் என்ற முறையில் அவர்தான் விற்றார். “பாத்து வாங்குக்கா, அழுவற சரக்கு. வாபஸ் கெடையாது” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஐந்து வயதில் குலதெய்வத்துக்கு மொட்டை போட்ட கையோடு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. அதற்குள் மாமியார் போய்விட்டார். மொட்டை போட்டோம். மற்றதை யாரும் நினைக்கவில்லை.

அன்று நடந்ததை நான் பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மகள் பள்ளியிலிருந்தே காய்ச்சலோடு வந்திருக்கிறாள். அக்கா மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். திடீரென்று உடம்பு விறைத்து, கண் மேலே சொருகி, உதடு நீலமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் மச்சான் எங்களுக்கு ஒரு மூட்டை மல்லாட்டை, வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தார். வில்லியனூரைத் தாண்டி அவருக்கு நிலம் இருக்கிறது. ஆனாலும் பாதி நாள் டவுனில்தான், மனை வாங்கி விற்கும் தொழில். ஊரில் நாலு இளைஞர்கள் எப்போதும் அவர் பின்னால் இருப்பார்கள். அவருடைய காரில்தான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னிருக்கையில் அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வழி முழுவதும் முன்னாலும் பின்னாலும் ஒரு வார்த்தை பேச்சில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு நின்றிருந்தது. மகள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் ஏறும்போது சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பார்க்கத்தான் பயங்கரம், இரவு மட்டும் இங்கே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது மச்சான் என் தோளைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“நான் மூட்டைய இறக்கிட்டுக் கதவாண்ட நிக்கிறேன் மாப்ள. புள்ள கண்ணு சொருவிக் கெடக்குது. அந்தம்மா சொம்புல தண்ணி மொண்டு தலையில ஊத்துது. மூணு தரம்.”

காய்ச்சலுக்கு ஊற்றியிருப்பார் என்றேன்.

“காய்ச்சலுக்கு பிதா சுதன் எதுக்கு மாப்ள? ஞானஸ்நானம் குடுக்கிறேன்னு சொன்னது எங்காதுல விழுந்துது. நெத்தியில சிலுவ வேற போட்டுது. புள்ள சாவற நேரத்துல அது ஆள் புடிக்கிற வேலையப் பாத்துது.”

அதுவரை மச்சானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த நிமிடத்திலிருந்து ‘அந்தம்மா’ ஆகிவிட்டது. அதைவிட என்னை நடுக்கியது, அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் எழுந்த கோபம். ஐந்து நிமிடத்துக்கு முன் காலைத் தொடலாமா என்று நினைத்த அதே மனிதரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சைக் கடந்து போனபோது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். சற்று நேரத்தில் மச்சான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனை வாயருகே வைத்துக்கொண்டு சத்தமாக ஏதோ பேசுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரிடமோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். அது வாய்ஸ் மெசேஜ் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் மகளைக் கூட்டிவந்தோம். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மகள் நேரே அங்கே திரும்பினாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தாள். எதற்கு என்று பிள்ளை கேட்டாள். தாந்துக்கு உடம்பு சரியில்லை என்றாள் மனைவி. சாயங்காலம் மகள் கரண்டியை எடுத்துத் தரையைத் தட்டினாள். பதில் வரவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். “தூங்குது போல” என்று அவளே சொல்லிக்கொண்டு கரண்டியைக் கொண்டுபோய் வைத்தாள். எனக்கு அதற்குமேல் மேலே உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கிப் போனேன்.

அக்கா கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மாதா படத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன பல்பு மட்டும் எரிந்தது. தட்டியது கேட்டது, தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை என்றார் முதலில். என்ன நடந்தது என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்.

“மூச்சு இல்ல தம்பி. போயிடுச்சுன்னுதான் நெனச்சேன். எங்க வேதத்துல, சாவற நேரத்துல யார் வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம். சாமியாருதான் குடுக்கணும்னு இல்ல. தண்ணியும் அந்த வார்த்தையும் இருந்தாப் போதும்.”

“எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா.”

“கேக்கத்தான் போன் பண்ணேன். நீங்க எடுக்கல.” பிறகு அவரே தலையை ஆட்டினார். “இல்ல, அது பொய். வரச் சொல்லத்தான் பண்ணேன். எடுத்திருந்தாலும் இதக் கேட்டிருக்க மாட்டேன்.”

நான் வேறு எதையோ எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அழுவார், மன்னிப்புக் கேட்பார், அல்லது மச்சான் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று சொல்வார் என்று. நேராகவே கேட்டேன்: “அப்ப எம் பொண்ணு இப்ப என்ன?”

“உங்க பொண்ணு” என்றார். பிறகு தொடர்ந்தார்: “எங்க வேதப்படி ஊத்தினது ஊத்தினதுதான். எடுக்க முடியாது. அதுக்காக அவள எங்க கோயிலுக்கு அனுப்புங்கன்னு நான் எப்பவும் கேக்க மாட்டேன். நீங்க விபூதி பூசி அனுப்பறீங்க, நான்தான தல பின்னி விடறேன். ஒரு நாளாவது அழிச்சிருக்கேனா?”

அழித்ததில்லை. ஒருமுறை மகள் வியர்வையில் கலைத்துக்கொண்டு வந்தபோது, மேலே போய் வைத்துக்கொண்டு வா, அம்மா திட்டுவாள் என்று திருப்பி அனுப்பியவர் அவர். ஆனால் ‘எடுக்க முடியாது’ என்ற சொல் எனக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. அவள் நரகத்துக்குப் போய்விடுவாள் என்று பயந்தீர்களா என்று கேட்டேன். குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

“நரகமா? ஆறு வயசுப் புள்ளைக்கு என்னா நரகம்” என்றார். “தெரியாத எடத்துக்குத் தனியாப் போவுதேன்னு பயம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் கையில குடுத்து அனுப்பணும்னு தோணுச்சு. அவ்ளோதான்.”

அதற்குப் பிறகுதான் அவர் தன் முதல் குழந்தையைப் பற்றிச் சொன்னார். ஆறு வருடமாகப் பழகியும் எங்களுக்குத் தெரியாது. பிரான்சில் ஒரு பெண் குழந்தை பிறந்து சில நாளில் போய்விட்டதாம். கணவர் வேலையில் எங்கோ இருந்தார். பாஷை சரியாகத் தெரியாத ஊர். ஒரு நர்ஸ் கோப்பையில் தண்ணீர் எடுத்து அந்தக் குழந்தையின் தலையில் ஊற்றினாளாம். “அது ஒண்ணுதான் தம்பி அதுக்கப்புறம் என்னைத் தூங்க விட்டுது. எங்கிட்ட இருக்கறதுலயே பெரிசு அதுதான். அதத்தான் குடுத்தேன்.”

நான் எழுந்துகொண்டபோது இன்னொன்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகம் வந்து சொன்னதுபோல. “அன்னிக்குத் தவிட்டுக்கு வாங்கினேனே, அத நான் பாவசங்கீர்த்தனத்துல போயி சொன்னேன். சாமியார் திட்டினார். எமன ஏமாத்தற வேலையில ஒனக்கு என்னாம்மா பங்குன்னு. நீங்க கேட்டீங்க, எனக்கு மாட்டேன்னு சொல்ல வரல.”

நாங்கள் சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் காலையில், எங்களில் ஒருவருக்கு அது பாவமாக இருந்திருக்கிறது. மாடி ஏறும்போது அதைத்தான் நினைத்தேன். கோபம் குறைந்ததா என்றால் இல்லை. கூடவே வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலையில் என் மனைவி மகளைக் குளியலறையில் உட்கார வைத்துச் சீயக்காய் போட்டுத் தலையைத் தேய்த்தாள். காய்ச்சல் விட்ட உடம்பு, இன்றைக்கு எதற்கு என்றேன். வெந்நீர்தான் என்றாள். அலசிவிட்டு மறுபடி சீயக்காயை எடுத்தாள். “அம்மா, ஒருவாட்டித் தேச்சாச்சு” என்றாள் மகள். மனைவி நிறுத்தவில்லை. பிள்ளை கண் எரிகிறது என்று அழ ஆரம்பித்த பிறகுதான் கை நின்றது. அப்புறம் ஈரத் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். கீழ்வீட்டு அக்காவுக்கு என்னைவிட நெருக்கம் என் மனைவிதான். பிரசவத்துக்குக் கூடவே வந்து இருந்தவர் அக்கா. அந்த நெருக்கத்தின் அளவுக்கு அவளுக்கு வலித்தது.

பத்து மணிக்கு மேல் மச்சான் வந்தார். அவரை அப்படிச் சோர்ந்து நான் பார்த்ததில்லை. தங்கை வைத்த காபியைத் தொடாமல் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஆத்திரத்தில் நம்ம பசங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிவிட்டார். அது இப்போது அவருக்குத் தெரியாத குரூப்புகளில் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெரு எது, வீடு எது என்பதுவரை யாரோ சேர்த்துவிட்டார்கள். ஞாயிறு காலை பூசை முடிந்து அந்த அம்மா வீட்டுக்கு வரும் நேரத்தில் வந்து நிற்கப்போகிறார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் புகார்.

“வேணாம்னு சொல்லுண்ணா” என்றாள் என் மனைவி.

“சொன்னேம்மா. மாமா பயந்துட்டாருன்னு சிரிக்கிறானுங்க.”

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அக்கா ஒரே ஒரு வரி சொன்னால் போதும். காய்ச்சலுக்குத்தான் தண்ணீர் ஊற்றினேன், பயத்தில் வாய் சாமி பேரைச் சொன்னது என்று. அதை அவர் தன் போனில் பதிவு செய்து அதே குரூப்பில் போட்டுவிடுவார். நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிடுவார். “எம் மானம் போனாப் போவுது” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

மூவரும் கீழே போனோம். கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. பாதி துணி அடுக்கியிருந்தது. பிரான்சிலிருந்து மகன் விடியற்காலையிலேயே கூப்பிட்டு, உடனே கிளம்பி வா என்று சத்தம் போட்டிருக்கிறான். அந்த வாய்ஸ் மெசேஜ் அவன்வரை போயிருக்கிறது. காலையில் கோயிலுக்குப் போய் சாமியாரிடமும் அக்கா சொல்லியிருக்கிறார். சாமியார் தலையில் கைவைத்துக்கொண்டாராம். திருச்சபைச் சட்டப்படி இதைக் கோயிலில் பதிய வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம், நீ கொஞ்ச நாள் மகனிடம் போய் இரு என்றாராம். எல்லோரும் அவரை ஊரைவிட்டு அனுப்பத்தான் பார்த்தார்கள். போனால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மச்சான் தன் யோசனையைச் சொன்னார். அக்கா முழுவதும் கேட்டார்.

“காய்ச்சலுக்கும் தண்ணி ஊத்தலாம். ஆனா நான் அதுக்கு ஊத்தல.”

“தெரியும். ஒரு பொய்தான சொல்லச் சொல்றோம்” என்றார் மச்சான். “பாவம்னா சாமியார்ட்ட போயி சொல்லிடு. வாரா வாரம் அதுக்குத்தான ஒக்காந்திருக்காரு.”

என் மனைவிகூடச் சிரித்துவிடப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. “கேக்காம செஞ்சது தப்பு. அத எத்தன பேர் முன்னாடி வேணா சொல்றேன். கால்ல விழுந்துகூட சொல்றேன். செய்யவே இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா, அவ தலையில இருக்கறத நானே இல்லன்னு சொன்ன மாதிரி. என் மொதப் புள்ள தலையில இருந்ததும் வெறும் தண்ணியாப் போயிடும்.”

“அப்ப உங்க சத்தியம்தான் பெரிசு” என்றாள் என் மனைவி. “நாளைக்கு நீங்க போயிட்டா எம் புள்ள தரையத் தட்டிக்கினே இருக்கும். அதுக்கு யாரு பதில் சொல்றது?”

அக்கா பெட்டிப் பக்கம் திரும்பினார். அடுக்கியிருந்த ஒரு புடவையை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். மச்சான் எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். கார் கிளம்பிய சத்தத்தில் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அன்று நாள் முழுவதும் நான் யோசித்ததை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. போலீசுக்கு நானே சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன நடந்தது என்று அவர்கள் என்னைத்தான் முதலில் கேட்பார்கள். குழந்தையையும் மனைவியையும் நோணாங்குப்பத்தில் இருக்கும் நண்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் போய்விடலாமா என்று யோசித்தேன். பிள்ளையின் அப்பா நான். நான் வாசலில் நின்று, என் பிள்ளை, எனக்குப் புகார் இல்லை என்று சொன்னால் முடிந்துவிடாதா என்றும் யோசித்தேன். எனக்குப் புகார் இல்லையா? அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தது. ஆனால் அது அந்தக் கூட்டத்தின் கையில் கொடுக்கிற புகார் இல்லை. எனக்கும் அக்காவுக்கும் இடையில் உள்ளது. இந்த வித்தியாசத்தைப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போக வேண்டாம் என்று அக்காவிடம் கெஞ்சினேன். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, வழக்கம்போல் போனார். என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தாள். கோயில் கேட் வரைக்கும் போய், பூசை முடியும்வரை வெளியே நின்று, கூடவே திரும்பிவந்தாள். அவர்கள் இருவரும் வழியில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது அக்காவின் குடையை என் மனைவி பிடித்துக்கொண்டு வந்தாள்.

தெருமுனை டீக்கடையில் அதற்குள் பைக்குகள் வந்து நின்றிருந்தன. ஆறேழு பையன்கள். இரண்டு பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது. மகளின் மொட்டைக்கு வந்து பந்தியில் பரிமாறியவர்கள். ஒருவன் என்னைப் பார்த்து, பழக்கத்தில் கையைத் தூக்கப்போய், இறக்கிக்கொண்டான். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்தப்பட்டது. அக்கா தன் வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் பையன்கள் டீ கிளாசை வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். அவசரமில்லாமல் வந்தார்கள். முன்னால் வந்தவன் போனை எடுத்துவிட்டான். நான் கேட்டை மூடி அதன் முன்னால் நின்றேன். என் மனைவி அக்காவின் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாடியில் பூட்டி வைத்திருந்த மகள் என்ன நினைத்தாளோ, அந்த நேரத்தில் கரண்டியால் தரையைத் தட்டினாள்.

அக்கா உள்ளே கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டினார்.

அப்போதுதான் மச்சானின் கார் தெருவுக்குள் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்து பையன்களை ஓரம் ஒதுங்க வைத்து, எங்கள் கேட்டுக்குக் குறுக்கே நின்றது. அவர் மட்டும் இறங்கினார். சலவை வேட்டி. நெற்றியில் விபூதி. பின்கதவைத் திறந்து ஒரு முறத்தை எடுத்தார். அதில் கூம்பாகத் தவிடு. காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கையால் மூடிக்கொண்டு வந்தார். மாமா, என்ன இது என்றான் போன் வைத்திருந்தவன். அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை நகரச் சொல்லித் தலையசைத்தார். கேட்டைத் திறந்தேன். படியில் உட்கார்ந்திருந்த தங்கை ஒதுங்கினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

“அக்கா, அன்னிக்கு இந்தக் கையால நாந்தான் புள்ளைய ஒனக்கு வித்தேன். இது வரைக்கும் நாங்க திருப்பி வாங்கல. அப்ப வியாழக்கெழம நீ தண்ணி ஊத்தினது ஒம் புள்ள தலையில. ஒம் புள்ளைக்கு நீ ஒன் சாமி தண்ணிய ஊத்தினதுக்கு நானோ இவனுங்களோ வந்து கேக்க ஒண்ணும் இல்ல. நான் பேசினது தப்பு. இன்னிக்கு தவிடு கொண்டாந்திருக்கேன். எங்க புள்ளைய எங்களுக்குக் குடு.” முறத்தை இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “வாங்கினப்புறம் அது எங்க புள்ளக்கா. அதுக்கு மேல எதுனா செய்யணும்னு தோணுச்சுன்னா, எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு செய்.”